பட்டியலை நெட்டுரு போட்டால் போதுமா?

கேள்வி: வெளிநாட்டில் மேற்படிப்புக்கு எழுதும் ஜிஆர்இ தேர்வுக்காகக் கடினமான ஆங்கிலச் சொற்களைத் தினமும் 30 வீதம் மனப்பாடம் செய்கிறேன். ஒரு வாரத்தில் பாதி மறந்துபோகிறது. என் ஞாபகசக்தி அவ்வளவுதானா?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: ஞாபகசக்தியைத் திட்டாதீர்கள், முதலில் 30-ஐ 10 ஆக்குங்கள். எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் தன்னையே சோதித்துப் பார்த்து, நெட்டுரு போட்டதில் பெரும்பகுதி சீக்கிரமே கழன்றுவிடும், இடைவெளி விட்டுத் திரும்பப் படித்தால்தான் தங்கும் என்று 1885-லேயே எழுதிவிட்டார். அதனால் இன்று படித்ததை நாளைக்கு, அப்புறம் மூன்று நாள் கழித்து, பிறகு அடுத்த வாரம் என்று பாருங்கள். இந்தக் கணக்கை அன்கி (Anki) என்ற நினைவட்டைச் செயலியே பார்த்துக்கொள்ளும், ஆண்ட்ராய்டில் இலவசம்.

இன்னொன்று. வெறும் எதிர்ச்சொல் கேட்கிற வழக்கத்தை ஜிஆர்இ 2011-லேயே விட்டுவிட்டது. இப்போது வாக்கியத்தில் கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்கிறார்கள், அங்கே பொருள் மட்டும் தெரிந்து பிரயோசனம் இல்லை, அந்தச் சொல் எதோடு சேரும், பாராட்டா கிண்டலா என்பதும் தெரிய வேண்டும். கனமழைக்கு 'ஹெவி ரெயின்' என்பார்கள், 'ஸ்ட்ராங் ரெயின்' என்றால் காதில் இடறும் (தேநீருக்கு மட்டும் ஸ்ட்ராங்!). எனவே நினைவட்டையில் தனிச்சொல்லை எழுதாதீர்கள், அது வந்த வாக்கியத்தை முழுசாக எழுதுங்கள்.

அரிய சொற்களுக்கு முன்னால் மொழியியலாளர் காக்ஸ்ஹெட் 2000-இல் தொகுத்த கல்விசார் ஆங்கிலச் சொற்பட்டியலை முடியுங்கள். 570 சொற்குடும்பங்கள்தான் (ஒரே சொல்லும் அதிலிருந்து கிளைத்தவையும் சேர்ந்தால் ஒரு குடும்பம்), மேற்படிப்பில் எந்தப் பாடப்புத்தகத்தைத் திறந்தாலும் எதிரே வரும்.