டெல்டா கப்பா காமா: புதிதாகச் சேரும் ஆசிரியைகளுக்குப் பதில்கள்

டெக்சாஸில் அரசுப் பள்ளி ஆசிரியை நான். டெல்டா கப்பா காமா என்ற பெண் கல்வியாளர் சங்கத்தில் ஒன்பது ஆண்டுகளாக இருக்கிறேன், அதில் இரண்டு ஆண்டு கிளைத் தலைவி. மூடவிருந்த எங்கள் கிளையைப் புது உறுப்பினர்கள் காப்பாற்றியதை நான் சொன்னதும், அமெரிக்காவில் பாடம் நடத்தும் தமிழ்ப் பெண்கள் பலர் கேள்வி அனுப்பினீர்கள். சிலவற்றுக்கு இங்கே பதில்.

அக்கா, கிரேக்க எழுத்துப் பெயரைப் பார்த்தால் கல்லூரிப் பெண்களின் விடுதிச் சங்கம் போல் இருக்கிறது. உண்மையில் இது என்ன?

இது ஆசிரியைகளின் தொழில்சார் சங்கம். 1929 மே 11 அன்று டெக்சாஸ் தலைநகர் ஆஸ்டினில் பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து தொடங்கினார்கள். முன்னின்றவர் ஆனி வெப் பிளான்டன். டெக்சாஸ் பெண்கள் முதல்நிலைத் தேர்தலில், அதாவது கட்சிகள் தங்கள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலில், வாக்களிக்கும் உரிமையை 1918இல்தான் பெற்றார்கள். பதிவு செய்துகொள்ளக் கிடைத்தது பதினேழே நாள். அதற்குள் சுமார் 3,86,000 பெண்கள் பதிந்தார்கள். அந்த ஆண்டே பிளான்டன் மாநிலப் பள்ளிக் கல்வித் தலைமைப் பதவிக்கு நின்று வென்றார். டெக்சாஸில் மாநில அளவிலான பதவிக்குத் தேர்வான முதல் பெண் அவர்தான்.

பெண்களுக்கென்று தனிச் சங்கம் எதற்கு என்று அடுத்துக் கேட்பீர்கள். ஃபை டெல்டா கப்பா என்ற கல்வியாளர் சங்கம் அப்போது ஆண்களுக்கு மட்டும்தான். அது பெண்களைச் சேர்த்துக்கொண்டது 1974இல்! வகுப்பறையை நிரப்பியிருந்தவர்கள் பெண்கள். பதவி, ஆராய்ச்சி, அங்கீகாரம் என்று வரும்போது கதவு சாத்தியிருந்தது. நம் ஊர் ஆசிரியைகளுக்கும் இது புரியாத கதை இல்லை.

ஆசிரியர் யூனியனுக்கே பணம் கட்டுகிறேன். இதற்கும் ஏன் சந்தா?

சம்பளப் பேச்சுக்கு யூனியன்தான், இது அந்த வேலையைச் செய்யாது. மேற்படிப்புக்கு உதவித்தொகை, கல்வியியல் படிக்கும் மாணவிக்குக் கைகொடுப்பது, பணியில் புதிதாகச் சேர்ந்தவர்களைத் தாங்கிப் பிடிப்பது, இவைதான் இதன் வேலை. உங்கள் கிளை இவற்றில் ஒன்றையாவது செய்கிறதா என்று பார்த்துவிட்டுச் சேருங்கள்.

சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்கள். எதைச் சொன்னாலும் "அதெல்லாம் செய்து பார்த்தாயிற்று" என்கிறார்கள். விலகிவிடலாமா?

விலகாதீர்கள், இன்னும் ஒரு வருடம் கொடுங்கள். நானும் இதே இடத்தில் நின்றவள்.

எங்கள் கிளையில் தலைவி பதவியை ஏற்க ஆளே இல்லாத நிலை வந்தது. கிளையைக் கலைத்துவிடலாம் என்று தீர்மானம்கூட எழுதிவிட்டார்கள். இன்னும் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர்கள் ஐந்து பேர்தான், அதில் மூவர் அந்த வருடம் சேர்ந்தவர்கள். கூட்டமோ செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணிக்கு. பிள்ளைகளைப் பஸ் ஏற்றிவிடும் பஸ் டூட்டியை முடித்துவிட்டு எந்த ஆசிரியை நான்கு மணிக்கு வருவாள்? ஓய்வுபெற்றவர்களுக்கு வசதியான நேரத்தில் கூடிவிட்டு, இளையவர்களுக்கு அக்கறை இல்லை என்று வருத்தப்பட்டுக்கொண்டிருந்தோம்.

அந்த மூவரும் பெரிய திட்டம் எதுவும் கொண்டுவரவில்லை. கூட்டத்தைச் சனிக்கிழமை காலைக்கு மாற்றுங்கள் என்றார்கள். போன கூட்ட அறிக்கையை வாசிப்பதை விட்டுவிட்டு முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள் என்றார்கள். மிச்சமாகும் அரை மணி நேரத்தில், வகுப்பில் அந்த வாரம் தடுமாறிய ஒரு விஷயத்தை ஒருவர் சொல்ல, மற்றவர்கள் வழி சொல்ல வேண்டும். முதல் சனிக்கிழமையே, பெற்றோர் சந்திப்பில் ஓர் அப்பா கத்தியதைச் சொல்லி ஓர் இளம் ஆசிரியை அழுதுவிட்டாள். முப்பது வருடம் நடுநிலைப் பள்ளியில் இருந்த ஒரு மூத்தவர் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அடுத்த சந்திப்பில் என்ன பேச வேண்டும் என்று வார்த்தை வார்த்தையாகச் சொல்லிக்கொடுத்தார். அன்று கிளை பிழைத்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. கலைப்புத் தீர்மானத்தை அதன்பிறகு யாரும் எடுக்கவில்லை.

ஆகவே "செய்து பார்த்தாயிற்று" என்றால் கோபப்படாமல், எப்போது செய்தீர்கள், எங்கே சறுக்கியது என்று கேளுங்கள். பாதி நேரம் அவர்கள் சொல்வதில் சரக்கு இருக்கும். மீதிப் பாதியில், காலம் மாறிவிட்டதை அவர்களே சொல்லச் சொல்லக் கண்டுகொள்வார்கள்.

சங்க நிகழ்ச்சிகளில் மெழுகுவர்த்தி, சிவப்பு ரோஜா, சடங்கு வாசகங்கள்... இதையெல்லாம் நிறுத்தினால்தானே இளையவர்கள் வருவார்கள்?

நானும் அப்படித்தான் நினைத்தேன். மறைந்த உறுப்பினர்களை நினைவுகூரும் நிகழ்ச்சிக்கு ஒருமுறை போனபின் மனம் மாறிவிட்டது. ஓர் ஆசிரியையின் பெயரை, அவள் நடத்திய வகுப்போடு சேர்த்து உரக்க வாசிக்கும் இடம் வேறு எங்கே இருக்கிறது? நேரத்தைக் குறையுங்கள். வாசிப்பதைப் புதியவர்களிடம் கொடுங்கள். நிறுத்த வேண்டாம்.

வந்ததும் வராததுமாகப் பொருளாளர் பதவியை என் தலையில் கட்டப் பார்க்கிறார்கள்.

மறுத்துவிடுங்கள். புது ஆள் கிடைத்தவுடன் காலியான பதவியில் உட்கார வைப்பதுதான் கிளைகள் செய்யும் பெரிய தவறு. ஒரு வருடம் பழைய பொருளாளருக்கு உதவியாக இருக்கிறேன் என்று சொல்லுங்கள். பதவியை ஏற்கும் அன்று கணக்கு தணிக்கையாகியிருக்க வேண்டும், வங்கிக் கணக்கில் இரண்டு பேர் கையெழுத்து இருக்க வேண்டும்.

கைக்குழந்தை இருக்கிறது. கூட்டத்துக்கு வர முடியவில்லையே என்று குற்ற உணர்ச்சி.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாருங்கள். எங்கள் கிளையில் மடியில் வைத்துக்கொள்ளப் பாட்டிகள் போட்டி போடுவார்கள்.

நான் ஓய்வுபெற்ற ஆசிரியை, வயது 71. நாங்கள் ஆசையோடு வரவேற்கிறோம், ஆனால் புதியவர்கள் ஓராண்டில் காணாமல் போகிறார்கள். எங்கே தவறுகிறோம் அம்மா?

நீங்கள் கேட்டதே பெரிய விஷயம். சேர்க்கும் நாளில் ரோஜா கொடுக்கிறோம், அடுத்து சந்தா புதுப்பிக்கும்போதுதான் கூப்பிடுகிறோம். நடுவில் அந்தப் பெண் தனியாகத் திண்டாடுகிறாள்.

ஆகஸ்டில் பள்ளி திறக்கும் முன், வகுப்பறையைத் தயார் செய்யும் வாரத்தில் அவளுக்குப் போன் செய்யுங்கள். பள்ளியில் அனுமதி வாங்கிக்கொண்டு போய், அறிவிப்புப் பலகைக்குக் காகிதம் ஒட்டிக்கொடுங்கள், புத்தக அலமாரியை அடுக்கிக்கொடுங்கள், மதியச் சாப்பாடும் கட்டிக்கொண்டு போங்கள். அக்டோபரில் மறுபடி ஒருமுறை கூப்பிடுங்கள். புது ஆசிரியைகள் மனம் உடைவது பெரும்பாலும் அந்த மாதத்தில்தான். அப்போது சங்கத்தைப் பற்றிப் பேச வேண்டாம், சாப்பிட்டாயா என்று கேளுங்கள்.