ஒரு வாரத்தில் பாரிஸும் பிரெஞ்சுக் கிராமங்களும் பார்க்க முடியுமா? எப்படித் திட்டமிடுவது?

முடியும். ஆனால் இரண்டே இடத்தில்தான் தங்க வேண்டும். பாரிஸில் மூன்று இரவு, கிழக்கு பிரான்சில் அல்சாஸ் பகுதியில் இருக்கும் கோல்மார் என்ற ஊரில் நான்கு இரவு. மூன்றாவதாக ஒரு ஹோட்டல் என்று யாராவது ஆரம்பித்தால் காதில் வாங்காதீர்கள்.

கேள்வி கேட்டவர் செப்டம்பரில் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு போவதாகவும், அம்மாவுக்கு மூட்டுவலி என்றும், கார் ஓட்ட ஆளில்லை என்றும் எழுதியிருக்கிறார். போன செப்டம்பரில் (2025) நானும் மனைவியும் என் பெற்றோரும் கிட்டத்தட்ட இதே நிலைமையில்தான் போனோம். அதனால்தான் இவ்வளவு உரிமையோடு பேசுகிறேன். இதே கேள்விக்கு இன்னொருவர் பாரிஸ், மோன் சென் மிஷேல், லியோன், நீஸ், "நேரம் இருந்தால்" கோல்மார் என்று பட்டியல் போட்டிருக்கிறார். அவர் கெட்டிக்காரராக இருக்கலாம். நல்ல முழங்கால் உள்ளவராகவும் இருக்கலாம்.

எங்கள் வீட்டிலும் இதே பட்டியல் வந்தது. பெங்களூரில் இருக்கும் மச்சான் எக்செல்லில் கலர் கலராகப் போட்டு அனுப்பினான். "மாமா, அவ்வளவு தூரம் போறீங்க, நீஸ் பீச்சை விட்டுட்டா எப்படி?" திருவான்மியூரில் இருக்கிறவன் கடற்கரை பார்க்க நீஸுக்குப் போக வேண்டுமா என்று கேட்டேன். அவனுக்குக் கோபம். அவன் போட்ட கணக்கில் எல்லாம் இருந்தது, பெட்டிகள் மட்டும் இல்லை. காலை பதினோரு மணிக்கு ஒரு ஊரில் அறையைக் காலி செய்ய வேண்டும், அடுத்த ஊரில் மூன்று மணிக்கு முன்னால் அறை தரமாட்டார்கள். நடுவில் பெட்டிகள், அப்பாவின் மாத்திரை டப்பா, குட்டி ரைஸ் குக்கர், இதையெல்லாம் தூக்கிக்கொண்டு எங்கே சுற்றுவது? ஊர் மாறும் ஒவ்வொரு நாளும் பாதி நாள் காலி. நான்கு தடவை மாறினால் ஒரு வாரத்தில் இரண்டு முழு நாள் ரயில் நிலைய பெஞ்சிலேயே போய்விடும். டிக்கெட், விசா, இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்த்து அந்த இரண்டு நாளின் விலை என்ன என்று போட்டுக் காட்டியதும் மனைவி என் பக்கம் வந்துவிட்டாள். அவள் தம்பி தோற்றான்.

ஏன் கோல்மார்? ப்ரோவான்ஸ், டோர்டோன் பகுதிகளின் ரசிகர்கள் சண்டைக்கு வர வேண்டாம். அங்கே கிராமங்கள் அழகில்லை என்று நான் சொல்லவில்லை. அங்கே கார் இல்லாமல் வயதானவர்களோடு கிராமம் கிராமமாகப் போவது பெரும்பாடு. அல்சாஸ் பகுதியில் அந்தத் தலைவலி குறைவு. பாரிஸின் கிழக்கு ரயில் நிலையத்திலிருந்து அதிவேக ரயில் அல்சாஸின் பெரிய நகரமான ஸ்ட்ராஸ்பூர்குக்கு இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடுகிறது. கோல்மாருக்கே நேராகப் போகும் ரயிலும் உண்டு, இரண்டரை மணி நேரத்துக்குள். கோல்மாரில் இறங்கிவிட்டால் எகிஷைம், கைசெர்ஸ்பெர்க், ரிக்விர் என்ற மூன்று கிராமங்களும் பதினைந்து கிலோமீட்டருக்குள். பேருந்து இருக்கிறது, டாக்சியும் கட்டுப்படியாகிற தூரம்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பேருந்தை நம்பாதீர்கள்.

பாரிஸைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், நான் இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன். ஒன்று, அம்மாவை மெட்ரோவில் கூட்டிப் போகாதீர்கள். படம் பார்த்தால் ஆசையாக இருக்கும். உள்ளே இறங்கினால் படிக்கட்டு, ஏறினால் படிக்கட்டு, ரயில் மாற நடு நடுவே இன்னும் படிக்கட்டு. எல்லா நிலையத்திலும் லிஃப்ட் என்பது 14ஆம் தடத்தில்தான். பேருந்தில் போங்கள். 69ஆம் எண் பேருந்து ஈஃபில் கோபுரத்துப் பக்கம் கிளம்பி லூவ்ர் அருங்காட்சியகம் வழியாக பாஸ்டில்வரை போய், அப்புறமும் போகிறது. நாங்கள் போனபோது பேருந்து டிக்கெட் 2 யூரோ. அப்பா ஜன்னல் ஓரம் உட்கார்ந்து நகரம் முழுக்கப் பார்த்தார், ஒரு படி ஏறவில்லை.

இரண்டாவது, கோபுரம். நாங்கள் ஈஃபில் கோபுரத்தின் மேல் ஏறவில்லை. இதை இங்கே எழுதுவதே ஒரு ஆத்திரத்தில்தான். திரும்பி வந்ததிலிருந்து எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் "மேலே ஏறலையா? அப்புறம் எதுக்குப் போனீங்க?" என்று ஒருவராவது கேட்கிறார். ஐயா, 1889இல் கட்டியதிலிருந்து பாரிஸில் பார்க்க வேண்டியதே அந்தக் கோபுரம்தான். அதன் மேல் ஏறினால் அது ஒன்றுதான் கண்ணுக்குத் தெரியாது. ஆற்றுக்கு எதிர்க்கரையில் த்ரோக்காதேரோ மேட்டில் நின்றால், இருட்டியதும் மணிக்கு ஒரு தடவை ஐந்து நிமிடம் மொத்தக் கோபுரமும் மினுக்குகிறது. காசில்லை, வரிசையில்லை. ஏறியவர்களை நான் குறை சொல்லவில்லை. என்னைக் குறை சொல்லாதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

லூவ்ர் வேண்டுமா என்று யோசித்து முடிவெடுங்கள். 2026 ஜனவரியிலிருந்து ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து வருகிறவர்களுக்கு 32 யூரோ. நான்கு பேருக்குக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நோத்ர தாம் தேவாலயம் 2019இல் தீப்பிடித்து, 2024 டிசம்பரில் மறுபடி திறந்தது. உள்ளே போகக் கட்டணம் இல்லை.

பாரிஸிலிருந்து கிளம்பும் நாளில் காலையில் லா சப்பல் போய்விட்டு ரயில் ஏறுங்கள். ஈழத் தமிழர்களின் கடைத்தெரு, கிழக்கு ரயில் நிலையத்திலிருந்து கொஞ்ச தூரம்தான். தெரு முழுக்கத் தமிழ்ப் பலகை. இட்லி வாங்கும்போது கடைக்காரர் அப்பாவிடம் "எங்கயிருந்து வாறீங்கள் ஐயா?" என்று கேட்டார். அவ்வளவுதான், இரண்டு பேரும் பேசத் தொடங்கிவிட்டார்கள், ரயிலைப் பிடிக்க நான் அப்பாவை இழுத்துக்கொண்டு வர வேண்டியதாயிற்று. பொட்டலத்தைப் பிரித்தபோது ரயில் ஷாம்பேன் பக்கம் வயல்வெளியில் பறந்துகொண்டிருந்தது.

கோல்மாரில் மரச்சட்டம் போட்ட வீடுகள், கால்வாய், பூத்தொட்டி எல்லாம் நீங்கள் படத்தில் பார்த்ததுதான், நேரிலும் அப்படியேதான் இருக்கிறது. சுதந்திர தேவி சிலையைச் செய்த பர்தோல்டி பிறந்த ஊர் என்பதால் ஊருக்கு வடக்கே ஒரு சின்ன சுதந்திர தேவி நிற்கிறாள். அதையெல்லாம்விட, யாரும் பட்டியலில் போடாத ஒன்றைச் சொல்கிறேன்: உன்டர்லின்டன் அருங்காட்சியகம். பழைய கன்னியர் மடம். அதன் தேவாலயத்துக்குள் இஸன்ஹைம் பலிபீட ஓவியம் இருக்கிறது. மத்தியாஸ் க்ரூனேவால்ட் 1512க்கும் 1516க்கும் நடுவில் வரைந்தது. சிலுவையில் தொங்கும் இயேசுவின் உடம்பு முழுக்கப் புண், முள் குத்தின தடம், தோல் பச்சை பாய்ந்திருக்கிறது, விரல்கள் விறைத்து விரிந்து நிற்கின்றன. முதலில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தோன்றும். அந்த ஓவியம் முதலில் இருந்த இஸன்ஹைம் மடத்தில் ஒரு காலத்தில் நோயாளிகளைப் பராமரித்தார்களாம். ரை தானியத்தில் வரும் ஒரு பூஞ்சையால் ரொட்டியே விஷமாகி, கைகால் எரிந்து அழுகிப்போகும் நோய். அவர்களைக் கொண்டுவந்து இந்தப் படத்துக்கு முன்னால் வைப்பார்கள். இதை அம்மாவுக்குப் படித்துச் சொன்னேன். அம்மா எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். முழங்காலைத் தடவிக்கொண்டே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "வலிக்கிறவனுக்குத்தான் இது புரியும்டா" என்றாள். பாரிஸில் எந்த ஓவியத்துக்கும் அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கிராமங்களில் ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால் எகிஷைம். நடுவில் சின்னக் கோட்டை, அதைச் சுற்றி வட்ட வட்டமாகத் தெரு. எங்கே நடந்தாலும் கிளம்பின இடத்துக்கே வந்துவிடுவதால் பெரியவர்கள் தொலைந்துபோக வாய்ப்பே இல்லை. நாங்கள் போனபோது திராட்சை அறுவடை. தேர் வடத்துக்குக்கூட வழி கிடைக்காத சந்தில் டிராக்டர் பெட்டி நிறையத் திராட்சையோடு திரும்புகிறது, எல்லோரும் சுவரோடு ஒட்டி நின்று வழி விடுகிறார்கள். கல் பாவிய தரையில் நசுங்கின பழம், புளித்த வாசனை, அதைச் சுற்றிக் குளவி. அப்பா குனிந்து உதிர்ந்த பழம் ஒன்றை எடுத்துத் துடைத்து வாயில் போட்டுக்கொண்டார். மனைவி அப்போது காட்டின முகத்தைச் சொல்லி முடியாது. கூரைமேல் நாரைக்கூடு இருக்கும், பாருங்கள். 1970களில் அல்சாஸில் நாரைகள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்துபோய், வளர்த்து விட்டுத்தான் மீட்டார்கள். செப்டம்பரில் பெரும்பாலும் கூடு மட்டும்தான் மிஞ்சும்.

கைசெர்ஸ்பெர்க், ஆப்பிரிக்காவில் சேவை செய்த மருத்துவர் ஆல்பர்ட் ஷ்வைட்சர் பிறந்த ஊர், ஆற்றோடு அழகான ஊர். ரிக்விரில் கூட்டம், ஏற்றம். முழங்கால்காரர்கள் காலையில் சீக்கிரம் போய்த் திரும்பிவிடுங்கள். ஒரு நாள் ரயிலில் ஸ்ட்ராஸ்பூர்க் போங்கள், அரை மணி நேரம்தான். இளஞ்சிவப்புக் கல்லில் கட்டிய தேவாலயம், 142 மீட்டர். 1647இலிருந்து 1874வரை உலகிலேயே உயரமான கட்டடம் அதுதான். பகல் பன்னிரண்டரைக்கு உள்ளே இருக்கும் வானியல் கடிகாரத்தில் சீடர்கள் வரிசையாக வர, மேலே சேவல் கூவுகிறது.

சாப்பாடு. இதில் யாரும் உங்களை எச்சரித்திருக்க மாட்டார்கள். கிராமத்து உணவகங்களில் மதியம் பன்னிரண்டிலிருந்து இரண்டு மணிவரைதான் சமையல். இரண்டேகாலுக்குப் போனால் சிரித்துக்கொண்டே கையை விரிப்பார்கள். "காசு கொடுத்தாலும் சோறு இல்லையா?" என்று அப்பா தமிழிலேயே கேட்டுப் பார்த்தார், பலிக்கவில்லை. சைவம் என்றால் ஃப்ளாம்குஷ் என்ற மெல்லிய அடுப்பு ரொட்டி வாங்கலாம், ஆனால் வழக்கமாக அதன்மேல் பன்றிக்கொழுப்புத் துண்டு தூவியிருக்கும். "சான் லார்தோன்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கடைக்குள் நுழைந்ததும் "போன்ஜூர்" சொல்லாமல் விலை கேட்டால் முகம் மாறிவிடும். சமையலறை உள்ள அறையாக எடுங்கள். ஞாயிற்றுக்குத் தேவையானதைச் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். 1871இலிருந்து 1918வரை ஜெர்மனி ஆண்ட பகுதி என்பதால் அந்தக் காலத்துச் சட்டங்கள் சில இன்னும் அங்கே உண்டு; ஞாயிறு கடையடைப்பு மற்ற ஊர்களைவிடக் கண்டிப்பு.

விடுமுறை என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் குழுவின் வாடிக்கையாளர் ஒரு பிரெஞ்சு நிறுவனம். ஆகஸ்ட் வந்தால் அவர்களில் பாதிப் பேரைக் காணோம். மெயில் அனுப்பினால் "செப்டம்பரில் வருவேன்" என்று தானாகவே பதில் வரும், யாரும் ஏனென்று கேட்பதில்லை. அவர்களுக்காக இங்கே பொங்கலன்றுகூட லாப்டாப்பைத் திறக்கும் நான் ஒரு வாரம் கேட்டதற்கு என் மேலாளர், "எதுக்கும் மெஷினை எடுத்துட்டுப் போங்க" என்றார். எடுத்துப் போனேன். கோல்மார் கால்வாய்க்கரையில் உட்கார்ந்து ஒரு மீட்டிங்கில் பேசினேன். எதிர்முனையில் இருந்த பிரெஞ்சுக்காரர் நான் விடுமுறையில் இருப்பது தெரிந்ததும் அதிர்ந்துபோய் "தயவுசெய்து வைத்துவிடுங்கள்" என்றார். சென்னையில் இருந்து யாரும் அப்படிச் சொல்லவில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், தெரியும்.

சரி, கிழமைக்கு வருகிறேன். லூவ்ருக்கும் உன்டர்லின்டனுக்கும் செவ்வாய் விடுமுறை, பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்துக்குத் திங்கள். அதனால் பாரிஸிலிருந்து கோல்மாருக்கு மாறும் நாளைச் செவ்வாயாக வைத்துக்கொண்டால் எதுவும் வீணாகாது. திரும்பும்போது மறுபடி பாரிஸ் நகருக்குள் போகாதீர்கள். ஸ்ட்ராஸ்பூர்கிலிருந்து நேராக சார்ல் து கோல் விமான நிலையத்துக்கே ரயில் இருக்கிறது, விமானத்துக்கு நிறைய இடைவெளி விட்டுப் பதிவு செய்யுங்கள். விசாவுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு வேண்டும். விசா கையில் வருவதற்கு முன் ரத்து செய்ய முடியாத ரயில் டிக்கெட் எதையும் வாங்காதீர்கள்.