குறுக்கெழுத்தில் அந்த மூன்று ஸ்பானியக் குறிப்புகள்

வணக்கம் நண்பரே. "'வாழ்க்கை ஒரு கனவு' நாடகத்தை எழுதியவர், எட்டு எழுத்து" என்ற குறிப்புக்கு ஸ்பானிய எழுத்தாளர் செர்வான்டெஸின் பெயரை நிரப்பினால் ஓர் எழுத்து மிஞ்சுகிறது என்கிறீர்கள். மிஞ்சத்தான் செய்யும், ஆங்கிலத்தில் அந்தப் பெயருக்கு ஒன்பது எழுத்து. அவர் 1616இலேயே காலமாகிவிட்டார், நாடகம் அச்சேறியதோ 1636இல். விடை கால்டெரோன். பிறந்தது முதல் கோபுரத்தில் அடைபட்டுக் கிடக்கும் போலந்து இளவரசன் செகிஸ்முண்டோ, ஒரு நாள் அரண்மனையில் கண்விழிக்கிறான். மறுபடி விழிக்கும்போது பழைய சங்கிலிதான் காலில் கிடக்கிறது. கிடைத்தால் கட்டாயம் படித்துவிடுங்கள்.

கால்டெரோன் என்ற விடையின் மூன்றாவது எழுத்தான 'எல்' வழியாகக் கீழே இறங்கும் "நான்காம் ஃபெலிப்பேயின் அமைச்சர், 1643இல் பதவி இழந்தவர்" ஒலிவாரெஸ். ஸ்பெயின் மன்னரான ஃபெலிப்பேயின் ஆட்சியில் இருந்த எல்லாப் பகுதிகளும் போருக்கு ஆளும் பணமும் தர வேண்டும் என்று ஒலிவாரெஸ் நெருக்கியதில், 1640இல் கட்டலோனியாவும் போர்ச்சுகலும் கிளர்ந்தெழுந்தன.

"சிறைப்பட்ட கவிஞர், ஏழு எழுத்து" என்பவர் கெவேதோ. 1639இல் கைதாகி, லியோன் நகரின் சான் மார்க்கோஸ் மடத்தில் அடைக்கப்பட்டார். ஒலிவாரெஸ் வீழ்ந்த பிறகுதான் வெளியே வந்தார். அந்த இருவரையும் 'வி' எழுத்தில் சந்திக்க வைத்திருப்பது தற்செயல் அல்ல என்றே நினைக்கிறேன். புதிரை அமைத்தவருக்கு வரலாறு நன்றாகத் தெரிந்திருக்கிறது. இரண்டு பெயரிலும் அது நான்காவது எழுத்து. பென்சிலால் முதலில் அதை நிரப்பிச் சரிபாருங்கள்.