சீனியாரிட்டி எண்ணும் சின்ன விமானமும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகள் வணிக விமானி உரிமம் பெற்று, ஏடிஆர் என்னும் சிறிய விசிறி விமானங்களை இயக்கும் ஒரு நிறுவனத்தில் இணை விமானியாகச் சேர்ந்திருக்கிறாள். விருப்பமான பேஸ் (விமானி தங்கிப் பணிக்குக் கிளம்பும் ஊர்) எது என்று படிவத்தில் கேட்டார்கள். சென்னை, பெங்களூரு, ஹைதராபாத் என்று வரிசையாக எழுதிக் கொடுத்தாள். கிடைத்ததோ கொல்கத்தா. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ரேணிகுண்டாவிலேயே திருப்பதி விமான நிலையம் இருக்கும்போது அங்கே ஏன் போடக் கூடாது? தெரிந்தவர்கள் மூலம் சொல்லிப் பார்த்தால் மாறுமா?
— விசைத்தறி நடத்தும் தந்தை, நகரி

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மாறாது, முயலவும் வேண்டாம். விமானிகளின் பணிமூப்புப் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. பேஸ் மாற்றம், கேப்டன் பதவி உயர்வு, பெரிய விமானத்துக்கு மாறும் வாய்ப்பு, பல நிறுவனங்களில் தீபாவளி விடுப்புகூட அந்த எண்ணின் வரிசையில்தான் வருகிறது. ஒருவருக்குச் சலுகை காட்டினால், அவருக்கு மேலே காத்திருக்கும் அத்தனை பேரும் மறுநாளே கேள்வி கேட்பார்கள். உங்கள் மகளுக்கு இன்று எரிச்சலூட்டும் இந்த முறைதான், நாளை அவளுக்குப் பின்னால் சேரும் செல்வாக்குள்ள ஒருவர் அவளைத் தாண்டிச் சென்னைக்குப் போய்விடாமல் தடுக்கப் போகிறது.

விருப்பப் படிவம் பொய்யல்ல. சென்னையில் ஓர் இடம் காலியானால், அதை ஏற்கெனவே வேறு ஊர்களில் இருந்துகொண்டு சென்னைக்கு விண்ணப்பித்திருப்பவர்களுக்கு முதலில் கொடுக்கிறார்கள். அவர்கள் நகர்ந்த பின்பு எந்த ஊரில் ஆள் குறைகிறதோ, அந்த ஊர் புதியவருக்கு வந்து சேர்கிறது. மேலும், ஒரு நிறுவனத்தின் எல்லா பேஸ்களிலும் எல்லா வகை விமானங்களும் இருப்பதில்லை. வடகிழக்கு மாநிலங்களின் சிறு நிலையங்களுக்கு ஏடிஆர் தேவைப்படுவதால், அந்த விமானத்துக்குப் பயிற்சி பெற்றவர்கள் கிழக்கே போவது இயல்பு.

இனி ரேணிகுண்டா. விமானம் வந்து இறங்கும் ஊர் வேறு, விமானிகளின் பேஸாக இருக்கும் ஊர் வேறு. ஹைதராபாத்திலிருந்து வரும் ஏடிஆர் அரைமணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பிவிடுவதானால், அதன் விமானிகள் ஹைதராபாத்தில் குடியிருந்தாலே போதும். இரவில் விமானங்கள் தங்கி, காலையில் முதல் சேவை கிளம்பும் ஊரில்தான் விமானிகளைக் குடியமர்த்துவதில் பொருள் இருக்கிறது.

ஒரே ஒரு விமானத்தை ரேணிகுண்டாவில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அது நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் பறந்தால் ஆண்டுக்கு 3,650 மணி நேரம். விமானி ஒருவர் ஆண்டுக்கு 1,000 மணி நேரத்துக்கு மேல் பறக்க விதி இடம் தரவில்லை. விடுப்பு, பயிற்சி, மருத்துவப் பரிசோதனை எல்லாம் போக 700, 800 மணி நேரம் பறந்தாலே பெரிது. ஆகவே அந்த ஒரு விமானத்துக்கு ஐந்து ஜோடி விமானிகள் வேண்டும். அதற்கும் மேலாக, யாருக்காவது உடம்பு முடியாமல் போனால் ஓடிவர ஸ்டாண்ட்பையில் ஒரு ஜோடி இருக்க வேண்டும். பத்து விமானங்கள் உள்ள ஊரில் இரண்டு மூன்று ஜோடி ஸ்டாண்ட்பை எல்லா விமானங்களுக்கும் பொதுவாக நிற்கும். ஒரே விமானம் உள்ள ஊரிலோ அதற்கென்றே தனியாக ஒரு ஜோடியைச் சம்பளம் கொடுத்து உட்கார வைக்க வேண்டும். ஒற்றைத் தறி வைத்திருக்கும் வீட்டில் நெய்பவர் படுத்தால் தறியும் படுத்துவிடுவதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

மகள் இப்போது செய்ய வேண்டியது, இடமாற்ற விண்ணப்பத்தைக் காலாவதியாகாமல் பதிவில் வைத்திருப்பதுதான். கொல்கத்தாவில் விமான நிலையத்துக்கு அருகிலேயே வாடகைக்கு வீடு பார்க்கட்டும். ஸ்டாண்ட்பை நாளில் அழைப்பு வந்தால் குறித்த நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். தொலைவில் குடியிருந்து ‘டிராஃபிக்’ என்று சொன்னால் எடுபடாது. 2025 ஜூலை முதல் விமானிகளுக்கு வாரந்தோறும் தொடர்ச்சியாக 48 மணி நேர ஓய்வு கட்டாயமாகியிருக்கிறது. முன்பு அது 36 மணி நேரமாக இருந்தது. கொல்கத்தாவிலிருந்து நகரிக்கு வந்து போகிறவருக்கு அந்தப் பன்னிரண்டு மணி நேரம் சிறிதல்ல.

கேள்வி: ஒரே நாளில் சேர்ந்த இருவரில் ஒருவருக்கு முன் எண்ணும் மற்றவருக்குப் பின் எண்ணும் கொடுப்பது எந்த அடிப்படையில்?
— கல்லூரி மாணவர், கொழிஞ்சாம்பாறை

பதில்: நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பயிற்சித் தேர்வின் மதிப்பெண்ணைப் பார்ப்பவர்கள் உண்டு. பயிற்சி முடித்துச் சுயமாகப் பறக்க அனுமதி பெற்ற தேதியைப் பார்ப்பவர்களும் உண்டு. அமெரிக்காவில் ஒரே வகுப்பில் சேர்ந்தவர்களில் வயதில் மூத்தவருக்கு முன் எண் கொடுப்பது பல நிறுவனங்களின் வழக்கம். சில இடங்களில் சமூகப் பாதுகாப்பு எண்ணின் கடைசி இலக்கங்களைக் கொண்டு தீர்மானிக்கிறார்கள். திறமைக்கும் அதற்கும் தொடர்பில்லை என்பது உண்மைதான். யாரும் யாருக்கும் வேண்டியவராகி மாற்றிவிட முடியாத ஓர் அடையாளம் தேவை என்பதே அவர்கள் நோக்கம். பணி நியமன ஆணையில் கையெழுத்திடும் முன்பு இந்த விதியைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. அங்கே ஓரிடம் பின்தங்குவது, பின்னாளில் கேப்டன் பதவிக்குச் சில மாதத் தாமதமாகக்கூட முடியலாம்.

கேள்வி: பெரிய விமானத்தில் ஒரு இருக்கைக்கு ஆகும் செலவு குறைவு என்கிறார்கள். பிறகு ஏன் எங்கள் பக்கத்து நிலையங்களுக்கு இந்தப் பழங்கால விசிறி விமானத்தையே அனுப்புகிறார்கள்?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், சித்தூர்

பதில்: விசிறி இருப்பதால் பழங்காலம் என்று எண்ணிவிட்டீர்கள், ஐயா. ஏடிஆர் 72-600 இன்றும் பிரான்ஸின் துலூஸ் நகரில் தயாராகிறது; விசிறியைச் சுழற்றுவதும் ஜெட் வகையைச் சேர்ந்த டர்பைன் எஞ்சின்தான்.

ஒரு இருக்கைக்கு ஆகும் செலவு பெரிய விமானத்தில் குறைவு என்பது சரி. ஆனால் அந்த இருக்கை நிரம்ப வேண்டும். ஹைதராபாத்திலிருந்து திருப்பதிக்கு வான்வழியில் சுமார் 420 கிலோமீட்டர். ஏடிஆர் மணிக்கு ஏறக்குறைய 500 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது; ஜெட் விமானத்தின் வேகம் 800-ஐத் தாண்டும். இவ்வளவு குறுகிய தூரத்தில் ஜெட் மிச்சப்படுத்தும் நேரம் கால் மணிதான். ஏ320 போன்ற 180 இருக்கை விமானம் மணிக்கு இரண்டு டன்னுக்கு மேல் எரிபொருள் குடிக்கும்போது, ஏடிஆர் 700 கிலோ அளவில் முடித்துக்கொள்கிறது. எழுபது பேர்தான் பயணிக்கிறார்கள் என்றால் எதை அனுப்புவது என்பதில் குழப்பமில்லை.

அடுத்த முறை ரேணிகுண்டாவில் ஏடிஆர் நின்றால் உற்றுப் பாருங்கள். பயணிகள் பின்பக்கக் கதவு வழியாக ஏறுகிறார்கள். அந்தக் கதவே படிக்கட்டாக விரிகிறது, தனி ஏணி வண்டி வேண்டியதில்லை. வலப்பக்க எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும், அதன் விசிறி மட்டும் பிரேக் போட்டு நிறுத்தப்பட்டிருக்கும். மின்சாரத்துக்கும் குளிர்காற்றுக்கும் மற்ற விமானங்கள் வாலில் ஒரு துணை எஞ்சினைச் சுமக்க, இது தன் எஞ்சின் ஒன்றையே அதற்குப் பயன்படுத்தி அந்த எடையையும் பராமரிப்பையும் தவிர்க்கிறது.

வரியும் ஒரு காரணம். நம் நாட்டில் உள்நாட்டுச் சேவையில் 80-க்குக் குறைந்த இருக்கைகள் கொண்ட விமானங்களுக்குத் தரையிறங்கும் கட்டணம் விலக்கப்பட்டது. 40 டன்னுக்குக் குறைந்த எடையுள்ள விமானங்களின் எரிபொருளுக்கு விற்பனை வரி 4 சதவீத அளவில் கட்டுப்படுத்தப்பட்டது. தமிழ்நாட்டில் மற்ற விமானங்களுக்கு அந்த வரி நெடுங்காலம் 29 சதவீதமாக இருந்தது. நம் பகுதிக்காரர்களே இந்தக் கோட்டின் இருபுறமும் நின்றிருக்கிறார்கள். 2005-ல் தொடங்கிய பாரமவுண்ட் ஏர்வேஸ் எம்பிரேயர் இ170, இ175 விமானங்களை இயக்கியது; இரண்டும் 40 டன்னுக்குள் அடங்குபவை. 2013-ல் விஜயவாடாவைத் தளமாகக் கொண்டு பறக்கத் தொடங்கிய ஏர் கோஸ்டா, இ170-உடன் இ190-ஐயும் சேர்த்துக்கொண்டது. இ190 அந்த எடைக்கோட்டைத் தாண்டியது. சலுகை பெற்றதும் பெறாததும் இரண்டுமே நிலைக்கவில்லை: முன்னது 2010-லும் பின்னது 2017-லும் நின்றுபோயின. வரிச்சலுகையை மட்டும் நம்பி ஒரு விமான நிறுவனம் பிழைத்துவிட முடியாது என்பது என் கருத்து.

கேள்வி: அமெரிக்காவில் பிராந்திய விமான நிறுவனம் ஒன்றில் என் அண்ணன் மகன் சேர்ந்திருக்கிறான். அங்கும் ஏடிஆர்தானா? நம் ஊர் முறையிலிருந்து என்ன வேறுபாடு?
— தென்னை விவசாயி, சித்தூர் தாலுகா, பாலக்காடு மாவட்டம்

பதில்: பெரும்பாலும் ஜெட்தான், அதிலும் 76 இருக்கைகளுடன் ஓடும் இ175. அங்கே பிராந்திய நிறுவனங்கள் பெரும்பாலும் சொந்தமாகப் பயணச்சீட்டு விற்பதில்லை. பெரிய நிறுவனங்களின் பெயரையும் வண்ணத்தையும் பூசிக்கொண்டு, ஒப்பந்தத் தொகைக்குப் பறந்து கொடுக்கின்றன. தங்கள் வேலை அங்கே நழுவிவிடக் கூடாது என்று பெரிய நிறுவனங்களின் விமானிகள் சங்கங்கள் ஒப்பந்தத்தில் ஒரு வரம்பு போட்டு வைத்திருக்கின்றன: 76 இருக்கைகள், 86,000 பவுண்டு எடை. நம் கணக்கில் அது 39 டன். நம் நாட்டில் வரிச் சட்டம் கோடு கிழித்த இடத்துக்கு மிக அருகிலேயே அங்கே தொழிற்சங்கம் கோடு கிழித்திருப்பதைப் பாருங்கள். எரிபொருளை இன்னும் மிச்சப்படுத்தும் புதிய இ175-இ2, எடை கூடிவிட்டதால் அந்த வரம்புக்குள் நுழைய முடியவில்லை.

2009 பிப்ரவரியில் பஃபலோ அருகே நடந்த கோல்கன் ஏர் விபத்துக்குப் பிறகு சட்டம் மாறியதால், 2013 முதல் இணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணி நேர அனுபவம் வேண்டும். இராணுவத்திலிருந்தும் சில கல்லூரிகளிலிருந்தும் வருபவர்களுக்குச் சற்றுக் குறைவு. நம் நாட்டில் 200 மணி நேரத்தில் வணிக உரிமம் பெற்றுச் சேர்ந்துவிடலாம். பேஸ் விஷயத்தில் புதியவர் நிலை அங்கும் இதேதான்: கடைசி எண், மீதமுள்ள ஊர், முதல் ஆண்டு ரிசர்வ், அதாவது அழைப்புக்குக் காத்திருக்கும் பணி.

கேள்வி: சிறிய நிறுவனத்தில் நான்கு ஆண்டு வேலை பார்த்துவிட்டுப் பெரிய நிறுவனத்துக்குப் போனால் சீனியாரிட்டி கூடவே வருமா?
— பயிற்சி விமானி, புத்தூர்

பதில்: வராது. பறந்த மணிக்கணக்கு உங்களுடையது, எண் நிறுவனத்துடையது. புதிய இடத்தில் பட்டியலின் அடியிலிருந்துதான் தொடங்க வேண்டும். நிறுவனங்கள் இணையும்போதுகூட இரண்டு பட்டியல்களை ஒன்றாகக் கோப்பது எளிதாக இருந்ததில்லை. ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் 2007-ல் இணைந்தன. புதிய போயிங் 787 விமானத்துக்கான பயிற்சியில் யாருக்கு இடம் என்ற பூசல் 2012-ல் 58 நாள் வேலைநிறுத்தமாக வெடித்தது.

ஆகவே மாறுவதென்றால் சீக்கிரம் மாறுங்கள், அல்லது ஏடிஆரில் கேப்டனான பிறகு மாறுங்கள். இடைப்பட்ட ஆண்டுகளில் போவதுதான் இரண்டு பக்கமும் நட்டம். முடிவெடுக்கும் முன்பு பயிற்சி பாண்டில் (ஒப்பந்தப் பத்திரத்தில்) எத்தனை ஆண்டு, எவ்வளவு தொகை என்று பாருங்கள். 2017 விதிப்படி இணை விமானிக்கு ஆறு மாதமும் கேப்டனுக்கு ஓர் ஆண்டும் நோட்டீஸ் காலம். புதிய நிறுவனம் சேரச் சொல்லும் தேதி அதற்கு முன்பே வந்துவிட்டால், பழைய நிறுவனத்திடம் விடுவிப்புக் கடிதம் கேட்டு நீங்கள்தான் நடக்க வேண்டியிருக்கும்.