வீட்டிலிருந்து துண்டுக்கூலிக்கு வேலை செய்வோர்: கேள்வி பதில்

கேள்வி: தையல் இயந்திரமும் மின்கட்டணமும் என்னுடையவை. அதனால் நான் தொழிலாளி அல்ல, சுயதொழில் செய்பவள் என்கிறார் தரகர். அது சரியா?

பதில்: சரியல்ல, அம்மா. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1996-இல் நிறைவேற்றிய 177-ஆம் உடன்படிக்கை, இயந்திரத்தையோ துணியையோ யார் தருகிறார் என்று பார்ப்பதில்லை; வேலை கொடுப்பவர் குறித்த அளவிலும் மாதிரியிலும் கூலிக்குச் செய்து தருகிறீர்களா என்றே பார்க்கிறது. தன் தொழிலைத் தானே நடத்துமளவுக்குப் பொருளாதாரத் தற்சார்பு உடையவரை அது விலக்குகிறது. தரகரின் பேச்சு, பொறுப்பைத் தட்டிக்கழிப்பதற்கானது என்றே எனக்குத் தோன்றுகிறது.

கேள்வி: துண்டுக்கூலி நியாயமானதா என்று எப்படிக் கணக்கிடுவது?

பதில்: பெரும்பாலோர் தைக்கும் நேரத்தை மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்டு ஏமாந்துபோகிறார்கள். மேற்சொன்ன உடன்படிக்கையோடு வந்த 184-ஆம் பரிந்துரை, மின்சாரம், தண்ணீர், தொலைபேசி, இயந்திரப் பராமரிப்பு ஆகியவற்றின் செலவையும், கருவியை மாற்றவும் மூட்டையைப் பிரிக்கவும் வகைப்படுத்தவும் மீண்டும் கட்டவும் ஆகும் நேரத்தையும் ஈடுசெய்ய வேண்டும் என்கிறது. ஆகவே ஒரு வாரம் முழுவதும் நேரத்தைக் குறித்துவையுங்கள். தைக்க 30 மணி நேரமும் மற்ற வேலைகளுக்கு 6 மணி நேரமும் ஆனால், கூலியிலிருந்து செலவைக் கழித்து, மிச்சத்தை 36-ஆல் வகுக்க வேண்டும். வரும் தொகையை உங்கள் நாட்டின் குறைந்தபட்சக் கூலியோடும், அதே வேலைக்குத் தொழிற்கூடத்தில் தரும் கூலியோடும் ஒப்பிடுங்கள். குறைபாடு என்று சொல்லிப் பிடிக்கும் தொகையையும் தனியே எழுதுங்கள். எதற்கு எவ்வளவு பிடிப்பது என்பது முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டிருக்க வேண்டும்.

கேள்வி: கூலி பாக்கி வைத்துவிட்டுத் தரகர் காணாமல் போய்விட்டார். யாரிடம் கேட்பது?

பதில்: தரகரும் அவருக்கு வேலை கொடுத்தவரும் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பேற்க வேண்டும் என்பதே பரிந்துரையின் நிலை. ஆனால் மேலே இருப்பவர் யார் என்று தெரியாவிட்டால் அதனால் பயனில்லை. சரக்கு வரும்போதே பெட்டியிலும் சட்டையிலும் உள்ள பெயர்ச்சீட்டுகளைப் படமெடுத்து, ஒப்படைப்புச் சீட்டுகளோடும் கைபேசிச் செய்திகளோடும் சேர்த்துவையுங்கள்.

கேள்வி: மாலையில் மூட்டையைத் தந்துவிட்டு, காலையில் கேட்கிறார்கள். இரவெல்லாம் விழிக்க வேண்டியிருக்கிறது.

பதில்: அதே பரிந்துரையின்படி, கெடு எதுவானாலும், மற்றத் தொழிலாளர்களுக்குரிய தினசரி ஓய்வும் வார ஓய்வும் உங்களுக்குக் கிடைக்க வேண்டும்.

கேள்வி: இவையெல்லாம் ஏட்டளவில்தானே, ஐயா?

பதில்: ஓரளவு உண்மைதான். பரிந்துரை எவரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது. 2000 ஏப்ரல் 22-இல் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கையும் அதை ஏற்றுறுதி செய்த நாடுகளையே கட்டுப்படுத்தும், அவையோ மிகச் சில. இருப்பினும் பல நாடுகளின் கூலிச் சட்டங்கள் துண்டுக்கூலிக்கும் பொருந்துகின்றன. தனியாகப் புகார் கொடுத்தால் அடுத்த மூட்டை வராமல் போகலாம். ஆகவே ஒரே தரகரிடம் வேலை வாங்குவோர் முதலில் ஒன்றுசேர்ந்து, கணக்கேடுகளை ஒப்பிட்டு, சங்கத்தின் வழியே தொழிலாளர் துறையை அணுகுவதே நல்லது.