ஒரே பின்னணிச் சேவையை லினக்ஸ் சர்வரில் பல பிரதிகளாக ஓட்ட, ஒவ்வொன்றுக்கும் தனி யூனிட் கோப்பு (சேவையை எப்படி ஓட்டுவது என்று சொல்லும் அமைப்புக் கோப்பு) எழுத வேண்டுமா?

வேண்டாம். வேண்டும் என்று நினைத்து ஒரு மாம்பழப் பருவம் முழுக்கத் தூக்கம் கெட்டவன் நான்.

கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையின் சர்வரைப் பார்த்துக்கொள்கிறேன். நான்கு எடைமேடைகள், எடையை வாங்கிப் பதிவு செய்ய ஒரே நிரலின் நான்கு பிரதிகள். முதலில் ஒரு கோப்பை எழுதி மூன்று நகல் எடுத்தேன். நிரல் விழுந்தால் தானே எழட்டும் என்று பிறகு ‘ரீஸ்டார்ட்’ வரியைச் சேர்த்தபோது மூன்றாவது கோப்பை மறந்துவிட்டேன். ஜூன் மாத நள்ளிரவில் விழுந்தது அந்த மூன்றாவதுதான். பெங்களூரா மாங்காய் ஏற்றிய லாரிகள் சாலைவரை நின்றன.

லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியில் இதற்கென்றே டெம்ப்ளேட் யூனிட், அதாவது பல பிரதிகளுக்குப் பொதுவான ஒரே கோப்பு, இருக்கிறது. கோப்பின் பெயரில் ‘.சர்வீஸ்’ என்பதற்கு முன்னால் @ குறி வையுங்கள்: ‘எடை@.சர்வீஸ்’. பிறகு ‘சிஸ்டம்சிடிஎல் ஸ்டார்ட் எடை@மேடை3’ என்றால் போதும். கோப்புக்குள் % குறியோடு ஆங்கிலச் சிறிய ஐ எழுத்து (%i) இருக்கும் இடமெல்லாம் ‘மேடை3’ வந்து உட்காரும். போர்ட் எண் போல மேடைக்கு மேடை மாறுபவற்றை அதே பெயரில் சிறு கோப்புகளாக வைத்து ‘என்விரான்மென்ட்ஃபைல்’ வரியால் இழுத்துக்கொள்ளுங்கள். திருத்தியதும், சிஸ்டம்டி யூனிட் கோப்புகளை மறுபடி படிக்க ‘டீமன்-ரீலோட்’, அடுத்து ரீஸ்டார்ட்.

பெயரில் இடைக்கோடு வைத்தால் கவனம். சிறிய ஐ ‘மேடை-3’ என்றே தரும். பெரிய ஐ (%I) அதை ‘மேடை/3’ ஆக்கிவிடும். கோப்பே இல்லை என்ற பிழைச் செய்தியோடு ஒரு மாலை முழுக்க மல்லுக்கட்டியிருக்கிறேன்.

‘ரீஸ்டார்ட்’ வரி மட்டும் காப்பாற்றாது. இயல்பாக 100 மில்லிநொடி இடைவெளியில் மறுபடி தொடங்கும். 10 நொடிக்குள் 5 முறை விழுந்தால் சிஸ்டம்டி கைவிட்டுவிடும். மேடைப் பக்கம் மின்சாரம் ஒரு நிமிடம் போனாலே கதை முடிந்தது. ‘ரீஸ்டார்ட்செக்’ வரியில் 5 நொடி கொடுத்தபின் அந்தத் தொல்லை இல்லை.

எல்லாவற்றையும் சேர்த்து ரீஸ்டார்ட் செய்ய ‘எடை@*’ என்று எழுதலாம், மேற்கோள் குறிக்குள். ஆனால் சிஸ்டம்டி ஏற்கெனவே நினைவில் ஏற்றியிருக்கும் பிரதிகளை மட்டுமே நட்சத்திரக் குறி பிடிக்கும். புதிய மேடையை முதல்முறை பெயர் சொல்லித்தான் எழுப்ப வேண்டும். சர்வர் மறுபடி தொடங்கும்போதும் அது எழ, ‘எனேபிள்’ செய்துவிடுங்கள். பருவம் முடிந்ததும் நான் இரண்டு மேடைகளை ‘டிஸேபிள்’ செய்துவிடுவேன். கோப்பில் கை வைப்பதில்லை.