ஸ்பானிஷ் வகுப்பில் எல்லாம் புரிகிறது, பேச மட்டும் வரவில்லை: விலகிவிடலாமா?

கேள்வி: பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பட்டத்துக்கு ஓர் அயல்மொழி கட்டாயம் என்பதால் இந்த செமஸ்டரில் தொடக்கநிலை ஸ்பானிஷ் எடுத்தேன். ஆறு வாரம் முடிந்துவிட்டது. எழுத்துத் தேர்வுகளில் எண்பதுக்கு மேல் வாங்குகிறேன். ஆனால் ஆசிரியர் என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டால் ஒரு வாக்கியம்கூட வெளியே வருவதில்லை. வகுப்பில் பாதிப் பேர் பொளந்துகட்டுகிறார்கள். வாய்மொழித் தேர்வு இன்னும் மூன்று வாரத்தில் வருகிறது. பாடத்திலிருந்து விலகுவதற்கான கடைசி நாள் அதற்கும் முன்பே. விலகிவிடலாமா, அல்லது வெறும் பாஸ்-ஃபெயில் முறைக்கு மாறிக்கொள்ளலாமா?

பதில்: நீங்கள் எழுதியிருப்பதை வைத்துச் சொன்னால், விலக வேண்டாம். விலக வேண்டிய நிலை என்று ஒன்று இருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறேன். எழுத்தில் எண்பது வாங்குகிறவரின் நிலை அது இல்லை.

முதலில் அந்தப் 'பாதிப் பேர்' கதையைப் பார்ப்போம். தொடக்கநிலை மொழி வகுப்பில் எல்லோரும் ஒரே கோட்டிலிருந்து புறப்படுவதில்லை. பள்ளியில் இரண்டு மூன்று வருடம் ஸ்பானிஷ் படித்துவிட்டு, மதிப்பெண் சுலபமாகக் கிடைக்கும் என்று முதல் நிலைக்கே வந்து உட்காருகிறவர்கள் எந்த வகுப்பிலும் இருப்பார்கள். தகுதிநிலைத் தேர்வு வைத்து அவர்களை மேல் வகுப்புக்கு அனுப்பத்தான் பல்கலைக்கழகங்கள் பார்க்கின்றன. ஆனால் வேண்டுமென்றே தப்பாக எழுதி கீழே தங்குவதும் நடக்கும்! வீட்டில் பாட்டியோடு ஸ்பானிஷ் பேசி வளர்ந்தவர்களும் ஓரிருவர் இருக்கலாம். சரளமாகப் பேசும் இவர்கள் எழுத்திலும் உச்சரிப்புக் குறிகளிலும் தடுமாறுவார்கள். உங்களுக்குக் கிடைக்கும் எண்பதை அவர்களில் சிலர் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். ஒப்பிட்டுத்தான் ஆக வேண்டும் என்றால், இந்த செமஸ்டரில் முதல்முறையாக 'ஓலா' (வணக்கம்) சொன்னவர்களோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

அடுத்து நேரக் கணக்கு. அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு மொழி கற்பிக்க ஒரு பயிற்சி நிலையம் வைத்திருக்கிறது. ஆங்கிலம் தெரிந்தவர்கள் எளிதில் கற்கக்கூடிய மொழிகளின் வரிசையில்தான் அது ஸ்பானிஷை வைக்கிறது. அப்படியும் வேலைக்கு உதவும் அளவு தேர்ச்சிக்கு 600 முதல் 750 வகுப்பு மணி நேரம் தேவை என்பது அதன் கணக்கு. உங்கள் வகுப்பு வாரத்துக்கு நான்கு மணி, செமஸ்டருக்குப் பதினைந்து வாரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 60 மணி, அதாவது மிஞ்சிப்போனால் பத்தில் ஒரு பங்கு. ஆறாவது வாரத்தில் நீங்கள் தாண்டியிருப்பது வெறும் 24 மணி. இந்த நேரத்தில் பேச்சு தடையில்லாமல் வந்தால்தான் ஆச்சரியம். ஐரோப்பிய மொழித் தர வரிசையில் ஆறு படிகள் உண்டு. ஒரு செமஸ்டர் முடிவில் மாணவர்கள் நிற்பது முதல் படியான ஏ1-இல் எங்கோதான். பெயர், ஊர், குடும்பம், பிடித்தது பிடிக்காதது, நாளைக்கு என்ன செய்யப்போகிறேன் என்பது போன்றவற்றைத் தட்டுத்தடுமாறிச் சொல்லும் நிலை அது. வாய்மொழித் தேர்விலும் இதற்கு மேல் கேட்க மாட்டார்கள்.

புரிவதும் பேசுவதும் ஒரே திறன் என்று நினைப்பதுதான் உங்களை வாட்டுகிறது என்று தோன்றுகிறது. கனடாவில் பாடங்களைப் பிரெஞ்சு வழியில் படித்த பிள்ளைகளை மெரில் ஸ்வெய்ன் என்ற மொழியியலாளர் ஆராய்ந்தார். ஆண்டுக்கணக்கில் அந்த மொழியிலேயே இருந்த பிள்ளைகளுக்குக் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறன் பிரமாதமாக இருந்தது. ஆனால் பேச்சிலும் எழுத்திலும் இலக்கணப் பிழைகள் நிறைய. கேட்பது மட்டும் போதாது, பேசிப் பார்க்கும்போதுதான் தனக்கு எது தெரியவில்லை என்பது ஒருவருக்குத் தெரிகிறது என்று அவர் எழுதினார். உங்கள் வகுப்பையே பாருங்கள். முப்பது பேர் இருக்கும் அறையில் ஒருவருக்கு வாய் திறக்கக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். பின்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்தால் அதுவும் போச்சு. எழுத்துக்கு நீங்கள் தினமும் பயிற்சி செய்கிறீர்கள், பேச்சுக்குச் செய்யவில்லை. மதிப்பெண்ணில் தெரிவது அந்த வித்தியாசம்தான்.

ஆகவே தினமும் பதினைந்து நிமிடம் சத்தமாகப் பேசுங்கள். மனதுக்குள் சொல்லிப் பார்ப்பது கணக்கில் சேராது. அன்றைய வகுப்பில் வந்த உரையாடலை எடுத்து, இரண்டு பேரின் பகுதியையும் நீங்களே பேசுங்கள். அப்புறம் புத்தகத்தை மூடிவிட்டு உங்களைப் பற்றிய விவரங்களைப் போட்டு மறுபடி பேசுங்கள். கைப்பேசியில் பதிவுசெய்து, மறுநாள் அதே விஷயத்தை மீண்டும் பேசி இரண்டையும் கேட்டுப் பாருங்கள். முதல் சில நாள் சொந்தக் குரலைக் கேட்கவே பிடிக்காது, பரவாயில்லை. வகுப்புத் தோழர் ஒருவர் சேர்ந்தால் இன்னும் நல்லது. அவரும் தடுமாறுகிறவராக இருப்பதே வசதி. பொளந்துகட்டுகிறவரோடு சேர்ந்தால் அவர் பேசுவார், நீங்கள் தலையாட்டுவீர்கள்.

வாய்மொழித் தேர்வுகளின் வடிவம் எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். சில நேரடிக் கேள்விகள், ஒரு படத்தைப் பார்த்துச் சொல்வது, கடையிலோ உணவகத்திலோ நடப்பது போல ஒரு சின்ன நடிப்பு. எது எதற்கு எத்தனை மதிப்பெண் என்று ஓர் அட்டவணை இருக்கும், அதை ஆசிரியரிடம் கேட்டு வாங்குங்கள். பிழையில்லாத இலக்கணம் அதில் ஒரு பகுதியாக மட்டுமே இருக்கும். சொல்ல வந்தது புரிகிறதா, பேச்சைத் தொடர முயல்கிறாரா என்பதற்கும் மதிப்பெண் உண்டு. அதனால் முழுதாக நின்றுபோவது பிழையாகப் பேசுவதைவிட நஷ்டம். தமிழில் 'வந்து...' என்று இழுக்கிறோமே, அதைப் போல ஸ்பானிஷில் 'புவேஸ்', 'எஸ்தே', 'ஆ வேர்' என்றெல்லாம் இழுக்கலாம். கேள்வி புரியாவிட்டால் 'மாஸ் தெஸ்பாசியோ, போர் ஃபவோர்' என்று கேளுங்கள். 'இன்னும் மெதுவாக' என்று பொருள். இப்படிக் கேட்பதற்கு எந்த நியாயமான ஆசிரியரும் மதிப்பெண் குறைக்க மாட்டார். பதில் யோசிக்க உங்களுக்குச் சில நொடிகளும் கிடைக்கும்.

தமிழ் தெரிந்த மாணவர்கள் கவனிக்காமல் விடும் ஒரு வசதியைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பாடப்புத்தகம் ஆங்கிலத்தில் இருப்பதால் நாமும் ஆங்கிலம் வழியாகவே யோசிக்கிறோம். பல இடங்களில் தமிழிலிருந்து நேராகப் போனால் பாதை குறுகும். 'பேசுகிறேன்' என்றாலே 'நான்' என்பது வந்துவிடுகிறது. ஸ்பானிஷில் 'ஆப்லோ' என்பதும் அப்படித்தான். ஆங்கிலத்தில் யோசிப்பவர் ஒவ்வொரு வாக்கியத்திலும் 'யோ, யோ' (நான், நான்) என்று தொடங்கிக்கொண்டிருப்பார். 'மே குஸ்தா' என்பதைக் கற்க ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் வாரக்கணக்கில் திண்டாடுகிறார்கள். நமக்கு அது 'எனக்குப் பிடிக்கும்' என்ற அமைப்பேதான், 'எனக்கு' உட்பட. ஒரே ஒரு வேறுபாடு: பிடித்த பொருள் பன்மையானால் அங்கே வினை 'குஸ்தான்' ஆகும், தமிழில் 'பிடிக்கும்' மாறாது. நீ, நீங்கள் என்ற மரியாதை வேறுபாடு 'தூ', 'உஸ்தேத்' என்று அங்கேயும் உண்டு.

ஆங்கிலத்தின் 'to be' என்ற ஒரே வினைக்கு ஸ்பானிஷில் உள்ள, எல்லோரையும் குழப்பும் 'செர்', 'எஸ்தார்' என்ற இரண்டு வினைகள் விஷயத்திலும் தமிழ் பாதி தூரம் கைகொடுக்கும். 'அவர் ஆசிரியர்' என்பதில் நமக்கு வினையே இல்லை, அங்கே 'செர்' வரும். 'அவர் வீட்டில் இருக்கிறார்', 'சோர்வாக இருக்கிறேன்' என்பவற்றில் 'எஸ்தார்'. மீதிப் பாதியில் இது சறுக்கும். 'உயரமாக இருக்கிறாள்' என்பதற்கு 'செர்'தான். நிரந்தரமானதற்கு ஒன்று, தற்காலிகமானதற்கு இன்னொன்று என்று வகுப்பில் சொல்லித் தருவார்களே, அந்த விதியை எனக்குப் பிடிக்காது. இறந்துபோவதைவிட நிரந்தரமானது ஏது? ஆனால் 'இறந்துவிட்டார்' என்ற நிலையைச் சொல்ல வருவது 'எஸ்தார்'. இயல்பு, அடையாளம் என்றால் 'செர்'. நிலை, இருக்கும் இடம் என்றால் 'எஸ்தார்' என்று பிடித்துக்கொண்டு, விருந்து, கூட்டம் போன்ற நிகழ்ச்சி நடக்கும் இடத்துக்கு மட்டும் 'செர்' என்று விதிவிலக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

உச்சரிப்பில் இன்னும் வசதி. 'கடல்' என்பதில் வரும் ககரமும் 'மகன்' என்பதில் வரும் ககரமும் ஒலியில் ஒன்றல்ல, இரண்டாவது மென்மையானது. ஸ்பானிஷின் 'லாகோ'விலும் (ஏரி) அதே மென்மை. 'அது' என்பதன் தகரத்தை 'நாதா'வில் (ஒன்றுமில்லை) கேட்கலாம். 'தங்கம்' போல மெல்லினத்துக்குப் பின் அழுத்தமாக வருவதும் 'தெங்கோ'வில் (என்னிடம் இருக்கிறது) அப்படியே இருக்கிறது. ஆனால் இந்த வசதியை நம்பிச் சொற்களைத் தமிழ் எழுத்தில் குறித்துவைக்காதீர்கள். எடையையும் நாணயத்தையும் குறிக்கும் சொல்லையும், முத்தத்தைக் குறிக்கும் சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டும் 'பேசோ' ஆகிவிடும். வாய்மொழித் தேர்வில், அதுவும் கடையில் நடப்பதாக நடிக்கும்போது, இது மாறிப்போனால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

தமிழ் உதவாத இடம் பெயர்ச்சொற்களின் பால். மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால் என்பதற்குக் காரணம் தேடிப் பயனில்லை. சொல்லைத் தனியாக மனப்பாடம் செய்யாமல் 'லா மேசா', 'எல் லிப்ரோ' என்று சேர்த்தே படியுங்கள். 'ஆ'வில் முடிந்தும் ஆண்பாலாக நிற்கும் 'எல் ப்ரொப்லேமா' (பிரச்சினை), 'ஓ'வில் முடிந்தும் பெண்பாலாக நிற்கும் 'லா மானோ' (கை) போன்ற முரண்டுபிடிக்கும் சொற்களும் அப்படியே பதிந்துவிடும்.

மொழி கற்றுத்தரும் செயலிகள் பற்றியும் கேட்பார்கள். சொல் பழக ஓரளவு உதவும், ஆனால் உங்கள் பாடத்திட்ட வரிசையில் அவை போவதில்லை. தேர்வுக்கு முன் அவற்றில் செலவாகும் நேரத்தைப் பாடப்புத்தகத்தில் செலவிடுங்கள். எழுதும் வீட்டுப்பாடத்தை மொழிபெயர்ப்புக் கருவியிடமோ உரையாடும் ஏஐயிடமோ கொடுத்து வாங்குவது அப்பட்டமான நேர்மைக்கேடு என்பதோடு, எளிதில் மாட்டிக்கொள்ளும் வழியும்கூட. ஆறாவது வாரத்து மாணவரின் கட்டுரையில், இன்னும் நடத்தவே நடத்தாத சப்ஜங்க்டிவ் வினை (விருப்பம், சந்தேகம் போன்றவற்றைச் சொல்லும் வினைவடிவம்) பிழையில்லாமல் வந்து நின்றால் எந்த ஆசிரியருக்கும் புருவம் உயரும்.

சரி, விலகல். பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் விதி மாறும், ஆனால் மூன்று விஷயங்களைக் கல்வி ஆலோசகரிடம் கேட்டே ஆக வேண்டும். பாஸ்-ஃபெயில் முறையில் எடுத்தால் அது கட்டாய மொழிப் பாடமாகக் கணக்கில் சேருமா? பல இடங்களில் சேராது. விலகினால் மதிப்பெண் பட்டியலில் குறிப்பு வருமா, உதவித்தொகைக்குத் தேவையான கிரெடிட் எண்ணிக்கை குறையுமா? அடுத்து எந்த செமஸ்டரில் இதே நிலை மறுபடி நடத்தப்படும்? சில துறைகளில் முதல் நிலை ஆண்டுக்கு ஒருமுறைதான்.

நான் விலகச் சொல்வது ஒரே நிலையில்தான்: வகுப்பு போக ஒவ்வொரு நாளும் ஒரு மணி நேரமாவது ஸ்பானிஷுக்கு ஒதுக்க முடியாத அளவுக்கு இந்த செமஸ்டர் நிரம்பி வழிகிறது என்றால். இரண்டு ஆய்வகப் பாடம், கூடவே பகுதிநேர வேலை என்றிருந்தால், மொழிப் பாடத்தை இன்னொரு செமஸ்டருக்குத் தள்ளிவைப்பது புத்திசாலித்தனம். மற்றப் பாடங்களை வார இறுதியில் மொத்தமாகப் படித்துச் சமாளிக்கலாம், மொழியில் அது செல்லாது. பேச்சு வரவில்லை என்பதற்காக மட்டும் விலகினால் அடுத்த முறையும் ஆறாவது வாரத்தில் இதே இடத்தில்தான் நிற்பீர்கள்.

கடைசி நாளுக்கு முன் ஆசிரியரை அவர் அலுவலக நேரத்தில் போய்ப் பாருங்கள். 'எனக்கு எதுவும் வரவில்லை' என்று பொதுவாகச் சொல்லாமல், எழுத்து மதிப்பெண்ணைக் காட்டி, 'வாய்மொழித் தேர்வில் வரக்கூடிய கேள்விகளை உங்களோடு பத்து நிமிடம் பேசிப் பார்க்கலாமா?' என்று கேளுங்கள். அந்தப் பத்து நிமிடத்தில் அவர் சொல்லும் கருத்து என் கணிப்பைவிட உங்களுக்குப் பயன்படும்.

தொடர்வது என்று முடிவெடுத்தால், அடுத்த நிலையையும் இடைவெளி விடாமல் அடுத்த செமஸ்டரிலேயே எடுத்துவிடுங்கள். மாணவர்கள் உண்மையிலேயே மூச்சுத்திணறுவது இரண்டு விதமான இறந்தகாலம் வரும்போதுதான்: நடந்து முடிந்ததற்கு ஒன்று, வழக்கமாக நடந்துகொண்டிருந்ததற்கு இன்னொன்று. நிகழ்கால வினைவிகுதிகளை ஆறு மாதம் மறந்துவிட்டு அந்த இடத்துக்குப் போகக் கூடாது.